நீக்கியதற்கான காரணம்

கலாமணி அந்தப் பதிவை நீக்கியபோது அவள் வாயில் ஊசி இருந்தது. கல்யாண வீட்டு பிளவுஸ், சாயங்காலத்துக்குள் கொக்கி வைத்துக் கொடுத்தாக வேண்டும். தையல் மிஷின் மேல் சாய்த்து வைத்த போனில் 'தாராபுரம் பேசுது' குழு வழக்கம்போல ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. ஊரில் பாதிப் பேர் அந்தக் குழுவில்தான் குடியிருக்கிறார்கள். தண்ணீர் எப்போது வரும், எந்த டாக்டர் கைராசிக்காரர், யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது, எல்லாம் அங்கேதான். அதைக் கட்டி மேய்க்கிற அட்மின்களில் கலாமணியும் ஒருத்தி. சம்பளம் ஒன்றும் கிடையாது, வசவு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

பதிவைப் போட்டவள் வினோதினி. பனியன் கம்பெனி பஸ்ஸில் விடிந்ததும் போய், பொழுது சாயும்போது திரும்புகிற பெண். "என்ற பையன் தருண் காப்பகத்துல இருந்து வந்ததும் தூங்கிப் போயிடறானுங்க. எழுப்பிச் சோறு ஊட்ட முடியறதில்ல. ரெண்டு வயசுப் பசங்க இப்படித்தான் தூங்குவாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க" என்று கேட்டிருந்தாள். கேட்டது அவ்வளவுதான். ஆனால் கீழே ஒரு புண்ணியவான் "மருந்து குடுத்துப் படுக்க வெக்கறாங்களோ என்னமோ" என்று எழுத, இன்னொருவர் "ஜெயசீலி டீச்சர் காப்பகமா?" என்று பெயரையே போட்டு உடைத்துவிட்டார்.

கலாமணிக்குச் சுருக்கென்றது. ஜெயசீலி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வாடகைக்கு வீடு பிடித்துக் காப்பகம் நடத்துகிறவள். பிள்ளைகளுக்கு மஞ்சள் ஏப்ரன் தைத்துக் கொடுத்ததே கலாமணிதான். இந்தப் பேச்சு வளர்ந்தால் அவள் பிழைப்பு போய்விடும். பதிவை அடியோடு நீக்கினாள். நீக்கினால் காரணம் சொல்லியாக வேண்டும், அது சட்டம். விளம்பரம், வசை, ஆபாசம், முன்கூட்டியே வெளியான அரசு அறிவிப்பு, ஆதாரமில்லாத குற்றச்சாட்டு என்று போன் வரிசையாகக் காட்டியது. கேள்வி என்று ஒரு காரணம் அதில் இல்லை. கிட்டத்தட்டப் பொருந்தியதைத் தொட்டாள்: ஆதாரமில்லாத குற்றச்சாட்டு. அப்புறம் ஊசியை வாயிலிருந்து எடுத்துக்கொண்டு அடுத்த கொக்கிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் குழுவைத் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'காப்பகத்தில் குழந்தைகளுக்கு மயக்க மருந்து: தாராபுரம் பெற்றோர் குற்றச்சாட்டு.' போட்டிருந்தது நொடிமுரசு என்கிற செய்தித்தளம். தலைப்புக்குப் பக்கத்தில் ஏற்பு முத்திரை பச்சையாகப் பளிச்சென்று இருந்தது. ஆள் ஆளுக்கு அதை எடுத்துப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

அந்த முத்திரையைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை ஓடாது. பொய் வீடியோக்கள் ஊர் ஊராகக் குடியைக் கெடுத்த காலம் ஒன்று இருந்தது. செத்தவர் எழுந்து பேசினார், இல்லாத அணை உடைந்தது, ஜனங்கள் வெறுத்தே போனார்கள். அப்போதுதான் ஒரு வாரியம் வந்து, நம்பத்தகுந்த செய்தித்தளம் இன்னின்னது என்று முத்திரை குத்தத் தொடங்கியது. குழுக்களில் முத்திரையுள்ள செய்திக்குத்தான் இடம். நல்ல ஏற்பாடு என்று கலாமணி மனசார வரவேற்றாள். இப்போது ஊரில் "எதுல வந்துச்சு?" என்று கேட்காமல் யாரும் எதையும் நம்புவதில்லை. எதிர்வீட்டில் தீப்பிடித்தாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கலாமணி மூத்த அட்மின் நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டாள். கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கறாரான ஆள்.

"ஏனுங்ண்ணா, அந்த நொடிமுரசு செய்தியை எடுத்துரலாமுங்களா? நம்மூர்ல எந்தப் பெத்தவங்க குற்றஞ்சாட்டுனாங்க? ஒருத்தருமே சொல்லலயே."

"முத்திரை இருக்குதே அம்மிணி."

"முத்திரை இருந்தா? பொய்யின்னா எடுக்க வேண்டாமுங்களா?"

"பொய்யின்னு நீ சொல்றே. எதுல வந்திருக்குது?"

"ஜெயசீலியே சொல்றா. அப்படி ஒண்ணும் நடக்கலன்னு ஆடியோ அனுப்பியிருக்கறா. அதையாவது போடலாமில்லீங்க?"

"ஏழாவது விதி என்ன சொல்லுது? தன்னைப் பத்தித் தானே சொல்றது ஆதாரமாகாது. அந்த விதியைக் கொண்டாந்தது யாரு?"

கலாமணிதான் கொண்டுவந்தாள். வீட்டுமனை விற்கிற ஒருவன் தன்னைப் போல யோக்கியன் உலகத்தில் இல்லை என்று நாள் தவறாமல் எழுதிக் குழுவை நாறடித்தபோது, அவனை அடக்கக் கொண்டுவந்த விதி அது.

"உன்மேல எனக்குக் கோவமில்ல அம்மிணி. இன்னைக்கு உனக்கு வேண்டியவளுக்கு நீ வளைச்சா, நாளைக்கு எனக்கு வேண்டியவனுக்கு நான் வளைப்பேன். அப்புறம் விதி எதுக்கு?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் கலாமணிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டு நொடிமுரசின் எண்ணைத் தேடிப் பிடித்தாள். எடுத்தவன் சின்ன வயசுக்காரன், ரொம்ப மரியாதையாகப் பேசினான்.

"உங்க நிருபரோட பேசணுமுங்க."

"நிருபர்னு யாரும் இல்ல மேடம். மெஷின்தான் எழுதும். நான் விளம்பரம் பாக்கறேன்."

"அந்தக் காப்பகத்துச் செய்தியை மெஷினுக்கு யாருங்க சொன்னது?"

கொஞ்ச நேரம் எதையோ தட்டிப் பார்த்தான். "உங்க குழுதான் மேடம். ஒரு பதிவை நீக்கினா வாசகம் மறைஞ்சிடும். ஆனா அது எதைப் பத்தினது, எதுக்காக நீக்கினீங்க, இது ரெண்டும் எல்லாரும் பாக்கற மாதிரி இருக்கணும்ல? அதை மெஷின் படிக்கும். இதுல 'காப்பகம், குழந்தை, மருந்து. காரணம், குற்றச்சாட்டு'ன்னு இருக்கு."

"ஆதாரமில்லாத குற்றச்சாட்டுங்க."

"ஆமா மேடம். ஆதாரம்தான் இல்ல, குற்றச்சாட்டு இருக்குல்ல? அதைத்தான் தலைப்புல போட்டிருக்கு. சொல்லப்போனா நீக்கின பதிவுக்குத்தான் மெஷின் கூடுதல் மதிப்பு குடுக்கும். யாரோ மறைக்கப் பாக்கறாங்கன்னாதானே அது செய்தி?"

"தம்பி, அது குற்றச்சாட்டே இல்ல. ஒரு அம்மா கேட்ட கேள்வி."

"அப்ப குற்றச்சாட்டுன்னு போட்டது யாரு மேடம்?"

அவன் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். மறுப்பு எப்படிப் போடுவது என்று மட்டும் கேட்டாள். முத்திரையுள்ள எதிலாவது மறுப்பு வந்தால் மெஷின் தானாகவே மாற்றிக்கொள்ளும் என்றான். முத்திரை இருந்த மற்ற தளங்களை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் நொடிமுரசை மேற்கோள் காட்டியே எழுதியிருந்தன.

மத்தியானம் வினோதினி கூப்பிட்டாள். கம்பெனிக் கழிவறையில் நின்று பேசினாள். அழுது அழுது மூக்கு அடைத்திருந்தது. "அக்கா, நான் கேள்விதானுங்க கேட்டேன். குற்றமா சொன்னேன்? இப்ப தையல் லைன்ல எல்லாரும் என்னையப் பாக்கறாங்க. தைரியமா சொன்னேன்னு கையைப் பிடிச்சுக் குலுக்கறாங்க."

"தருண் எங்க இருக்கறான்?"

"காப்பகத்துலதானுங்க. லீவு தர மாட்டேன்ட்டாங்க. காலையில கூட டீச்சர் நல்லாத்தான் சிரிச்சு வாங்கிக்கிட்டாங்க. நான் என்னத்தக்கா பண்ணுவேன்?"

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் கலாமணி. எதைப் பார்த்துக்கொள்வது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்கு மேல் ஒரு பிளவுஸும் ஓடவில்லை. தைத்ததையே பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஜெயசீலியின் அழைப்பு வந்தது. அவள் குரலுக்குப் பின்னால் குழந்தைகள் கோரஸாக அழுதன, அதற்கும் பின்னால் ஆண்களின் கூச்சல்.

"யக்கா, கேட்டுக்கு வெளிய ஆளுவ நிக்காவ. முதல்ல நாலஞ்சு பேருதான் இருந்தாவ. இப்ப தெரு பூராவும் நிக்காவ. சன்னல்ல கல்லு விழுந்துட்டு."

"போலீஸுக்குச் சொன்னியா ஜெயசீலி?"

"சொல்லியாச்சு. கோயில் பந்தோபஸ்துக்குப் போயிருக்காவளாம், வருவாவளாம். எப்ப வருவாவளோ. பிள்ளையள உள் ரூம்புல போட்டுப் பூட்டியிருக்கேன் யக்கா. நான் செஞ்ச தப்பு என்ன, அதையாவது சொல்லுங்க."

ஓடிப்போய் கேட்டுக்கு முன்னால் நிற்கலாம். நின்று, அது வெறும் கேள்விதான், காரணத்தைத் தப்பாகத் தொட்டது நான்தான் என்று கத்தலாம். கத்தினால் என்ன சொல்வார்கள்? எதுல வந்துச்சு என்பார்கள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் போனைப் பார்த்துத்தான் வந்தார்கள், போனைப் பார்த்தால்தான் போவார்கள்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்ததும் உடம்பு கூசியது. ஆனாலும் விரல் நிற்கவில்லை. 'ஜெயசீலி காப்பகத்தில் அதிகாரிகள் சோதனை. பாலிலும் உணவிலும் மயக்க மருந்து இல்லை' என்று குழுவில் எழுதினாள். யாரும் கண்ணால் பார்க்கும் முன்பே அதை நீக்கினாள். எதைப் பற்றியது என்பதும் காரணமும் மட்டும் மெஷின் படிக்க மிஞ்சும். காரணத்தை போன் கேட்டது. பரீட்சை முடிவும் தண்ணீர் திறக்கும் தேதியும் கசிந்தால் போடுவதற்கென்று வைத்திருந்த காரணத்தைத் தொட்டாள்: முன்கூட்டியே வெளியான அரசு அறிவிப்பு.

கண்ணை மூடித் திறப்பதற்குள் நொடிமுரசில் வந்துவிட்டது. 'காப்பகத்தில் சோதனை: மயக்க மருந்து இல்லை. விரைவில் அரசு அறிவிப்பு.' பச்சை முத்திரை. மற்ற தளங்கள் அதைப் பார்த்து எழுதின. நாச்சிமுத்து அண்ணன் தன் கையாலேயே அதைக் குழுவின் தலையில் ஒட்டி வைத்தார்.

"யக்கா, போறாவ" என்றாள் ஜெயசீலி. நம்ப முடியாமல் கிசுகிசுத்தாள். "எல்லாரும் போனைப் பாத்தாவ. ஒருத்தரு கேட்டு வழியா 'மன்னிச்சுக்கம்மா'ன்னு சொல்லிட்டுப் போறாரு. நீங்க என்ன செஞ்சீய?"

"ஒண்ணுமில்ல. நீ பிள்ளைகளைப் பாரு."

கலாமணி முகம் கழுவினாள். ஒரு உயிர் தப்பியது, அதற்கு ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாரியம் கண்டுபிடித்தால் குழுவையே இழுத்து மூடிவிடும்தான். மூடட்டும். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்து, பழைய சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டாள்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு வினோதினி மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை அழுகை இல்லை. அதுதான் கலாமணியைப் பயமுறுத்தியது.

"அக்கா, ஆஸ்பத்திரியில இருக்கறேன். தருண் எந்திரிக்கவே மாட்டேங்கறான். மூச்சு ரொம்ப மெதுவா வருதுங்க்கா. டாக்டர் உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாரு. அந்தச் சோதனை எந்த லேப்ல பண்ணுனாங்கன்னு குழுவுல யாருக்காச்சும் தெரியுமா?"

"எந்தச் சோதனை?" என்று கலாமணி கேட்டாள். தெரியாமல் கேட்கவில்லை.

"நம்ம காப்பகத்துல பண்ணுனதுங்க. மருந்து ஒண்ணும் இல்லைன்னு செய்தி வந்துச்சில்ல? அதனால ஆஸ்பத்திரி மெஷின் மருந்தா இருக்குமோங்கற சந்தேகத்தையே வேண்டாம்னு தள்ளிருச்சாம். மூளைக்காய்ச்சலா இருக்கும், கோயமுத்தூருக்கு எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லுதாம்."

"டாக்டர்கிட்ட குடு. இல்ல, இரு. ஒரு நிமிஷம் இரு, கூப்பிடறேன்."

ஜெயசீலியைக் கூப்பிட்டாள். இன்று காலையில் குற்றம் சாட்டப்பட்டவள், மத்தியானம் நிரபராதி. இவ்வளவுக்கும் இடையில் அவளிடம் நேராக எதையும் கேட்கத் தனக்குத் தோன்றவே இல்லை என்பது அந்த ரிங் போகும்போது கலாமணிக்கு உறைத்தது. "ஜெயசீலி, ஒளிக்காமச் சொல்லு. தருணுக்கு இன்னைக்கு என்ன குடுத்தே?"

"சளி மருந்துதான் யக்கா. அவுக அம்மா தினமும் குடுத்து விடுறது. மத்தியானம் ஒரு மூடி குடுத்தேன்." அவள் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "கேட்டுல ஆளுவ நிக்கும்போது பிள்ளை இருமி இருமி அழுதான். உதவிக்கு வர்ற ஆயாம்மா பயந்து போயி, சத்தம் வெளிய கேக்கக்கூடாதுன்னு திரும்பவும் குடுத்திருக்காவ. எவ்வளவுன்னு அவுகளுக்கே சொல்லத் தெரியல. இப்பத்தான் பாட்டிலைப் பாத்தேன். பாதிக்கு மேல காணோம். பிள்ளைக்கு என்னாச்சு யக்கா?"

தினமும் சாயங்காலம் அவன் தூங்கிப்போனதும் அந்த மருந்தால்தான். வினோதினியின் கேள்வியை அப்படியே விட்டிருந்தால், நாலு பிள்ளை பெற்ற எவளாவது ஒருத்தி "சளி மருந்து குடுக்கறியா கண்ணு? அது தூக்கத்துல தள்ளும்" என்று ஒரே வரியில் முடித்திருப்பாள். கலாமணி தலையில் அடித்துக்கொண்டாள், நிஜமாகவே, உள்ளங்கையால் படார் படாரென்று.

வினோதினியைத் திரும்பக் கூப்பிட்டாள். டாக்டர் போனை வாங்கியதும் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். சளி மருந்து, இரண்டு தடவை, அளவு தெரியாது, பாதிப் பாட்டில். சோதனை எதுவும் நடக்கவே இல்லை, அந்தச் செய்தியை உண்டாக்கியது தான்தான் என்பதையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். வயசான, களைத்த குரல்.

"நீங்க சொல்றது எனக்குச் சரியாத்தான் படுதும்மா. பையனோட கண்ணைப் பாத்ததுமே எனக்கு அந்தச் சந்தேகம்தான். அதுக்கு முறிவு மருந்து இங்கயே இருக்கு. ஆனா அலமாரியை நான் திறக்க முடியாது, மெஷின் ஒத்துக்கணும். அது முத்திரை இருக்கற செய்தியைத்தான் எடுத்துக்கும். பெத்தவங்க பேச்சு, டாக்டர் பேச்சு எல்லாம் அதுக்கு வாய்மொழி."

"பூட்டை உடைங்க டாக்டர்."

"உடைச்சா ஒவ்வொரு மருந்தும் தானா பாழாப் போகும்படி பண்ணி வெச்சிருக்காங்கம்மா. திருட்டுக்குப் பயந்து." அவர் குரல் தாழ்ந்தது. "இது எங்கயாவது வந்திருக்குங்களா? முன்னாடி எதுல வந்துச்சோ அதுலயே மாத்தி வந்தாக்கூடப் போதும். சீக்கிரம் வரணும். கோயமுத்தூர் வரைக்கும் இந்த மூச்சு தாங்காது."

கலாமணி குழுவைத் திறந்தாள். 'இன்று காப்பகத்தில் தருணுக்குச் சளி மருந்து தவறுதலாக அதிகம் தரப்பட்டது. பயத்தில் நடந்த தவறு, கெட்ட எண்ணம் இல்லை. சோதனை என்று வந்தது பொய், அதைச் செய்தவள் நான்' என்று எழுதினாள். ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். அப்படியே விட்டால் முத்திரை இல்லாத வெறும் பேச்சு, நாச்சிமுத்து அண்ணன் கண்ணில் பட்டதும் எடுத்துவிடுவார். நீக்கினால்தான் மெஷின் படிக்கும். நீக்கினால் வாசகம் போய்விடும். தவறுதல் போய்விடும், பயம் போய்விடும், நான் என்று அவள் எழுதியதும் போய்விடும். காப்பகம், குழந்தை, மருந்து என்ற மூன்றும் அவள் தொடுகிற காரணமும்தான் மிஞ்சும். எந்தக் காரணத்தைத் தொட்டாலும் அது ஜெயசீலியின் வாசலில் போய்த்தான் முடியும். வேறு வழி இருக்கிறதா என்று யோசிக்க ஆசைப்பட்டாள். அந்தப் பிள்ளைக்கு மூச்சு மெதுவாக வருகிறது.

நீக்கு என்பதைத் தொட்டாள். காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. ஆதாரமில்லாத குற்றச்சாட்டு என்பதைத் தொட்டுவிட்டு, உடனே ஜெயசீலியைக் கூப்பிட்டாள்.

"ஜெயசீலி, கிளம்பு. பிள்ளைகதான் எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சே. பை எதுவும் எடுக்காதே, பின்வாசல் வழியாப் போ. ஆயாம்மாளையும் கூட்டிக்க. எங்க போறேன்னு என்கிட்டக்கூடச் சொல்லாதே."

"என்ன யக்கா சொல்லுதீய? இப்பத்தான எல்லாரும் மன்னிப்புக் கேட்டுட்டுப் போனாவ. திரும்பவும் எதையாவது போட்டீயளா?"

"போட்டேன்."

"பொய்யா?"

"இல்ல. நடந்ததைத்தான் போட்டேன். பையன் பொழைக்கணும்."

"உண்மையத்தான போட்டிருக்கீய" என்றாள் ஜெயசீலி. குரலில் கோபமே இல்லை, குழப்பம்தான் இருந்தது. "பெறவு நான் எதுக்கு யக்கா ஓடணும்?"

கலாமணி வாயைத் திறப்பதற்குள் காதில் வைத்திருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள், நொடிமுரசில் 'காப்பகத்தில் குழந்தைக்கு மருந்து: குற்றச்சாட்டு.' பச்சை முத்திரை. பக்கத்து வீட்டு வாசலில் யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பினார்கள்.